மருந்து வைத்த கூழ்

ஆம்பிளை அடுப்பு முன்னால் உட்கார்ந்தால், ஒன்று அந்த வீட்டுப் பொம்பிளை செத்திருக்க வேண்டும், இல்லை அந்த ஆம்பிளை மனசுக்குள் கள்ளம் புகுந்திருக்க வேண்டும். இது அம்சவள்ளியின் கட்சி. அவள் சாகவில்லை. மரக்காணம் உப்பளத்தில் தலையில் கூடையை வைத்தால் வரப்பு அதிர நடக்கிற உடம்பு அது. அப்படியானால் மிச்சம் இருப்பது கள்ளம்தானே?

பொங்கல் கழிந்து அளத்தில் வேலை தொடங்கியிருந்த சமயம். ஒரு நாள் விடியலில் பல் விளக்கிவிட்டுத் திரும்பியவள், கொல்லைப்புறத்து விறகடுப்பின் முன்னால் தன் புருஷன் சகாதேவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். பானையில் நொய் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு குண்டானில் கேழ்வரகு மாவு, முந்தின சாயங்காலமே கரைத்துப் புளிக்க வைத்தது. கரைத்தது அவள் இல்லை. அப்படியென்றால் அவளுக்குத் தெரியாமல் அவனேதான் கரைத்து மூடி வைத்திருக்கிறான்.

"இன்னாய்யா பண்ற?"

"பாத்தா தெரியல? கூழு காச்சுறேன்."

"ஏன், நான் செத்தா பூட்டேன்?"

சகாதேவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இனிமே காலைல கூழு என் பாடு. நீ இன்னும் கொஞ்ச நேரம் தூங்கு, போ."

தூங்கு என்றானாம்! கட்டிக்கொண்ட நாளிலிருந்து இன்றுவரை, காய்ச்சலில் கிடந்தபோதுகூட, தூங்கு என்று ஒரு வார்த்தை சொல்லாத மகராசன். குடிக்கிற தண்ணீரைக்கூட "ஏ, அம்சா" என்று கூப்பிட்டு வாங்கிக் குடிக்கிறவன். அளத்தில் வாருபலகையைப் பிடித்து உப்பை இழுத்துக் குவிப்பதற்கு அவனை மிஞ்ச ஆள் கிடையாது, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். வீட்டுக்குள் வந்துவிட்டால் அந்தக் கைக்கு ஒரு வேலையும் தெரியாது. அப்படிப்பட்டவன் நொய் வெந்த பதம் பார்த்து, புளித்த மாவை ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் துடுப்பைச் சுழற்றுகிறான்.

அம்சவள்ளி தூங்கப் போகவில்லை. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் அவசரப்படவே இல்லை. தீயைக் குறைக்கிறான், கிண்டுகிறான், மறுபடியும் ஒரு விறகை உள்ளே தள்ளுகிறான். கூழ் கெட்டியாகி மொத்து மொத்தென்று கொதிக்கும்போது அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். செல்போன் இல்லை, பீடி இல்லை, பேச்சு இல்லை. கையைத் தண்ணீரில் நனைத்துக் கூழைத் தொட்டுப் பார்த்தான். விரலில் ஒட்டவில்லை. ஒட்டவில்லை என்றதும் அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்ததே, அதைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூழுப் பானையைப் பார்க்கிற பார்வையில் பாதியையாவது இந்த மனுஷன் என்னைப் பார்த்திருப்பானா?

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. கூழில் ஒரு கட்டிகூட இல்லை.

கூழ் காய்ச்சுகிற எவளை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கல்யாணமான புதிதில் கட்டி தட்டாமல் கூழ் காய்ச்சினவள் இந்தக் கடற்கரையில் கிடையாது. மாமியார் வாயில் விழுந்து எழுந்துதான் அந்தக் கை பழகும். முதல் நாளே ஒருத்தன் வழவழவென்று காய்ச்சுகிறான் என்றால் அது அவனுக்கு முதல் நாள் இல்லை. எங்கேயோ கிண்டிப் பழகியிருக்கிறான். எவளோ பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

அன்றிலிருந்து தினமும் அதே கூத்துதான். காய்ச்சி ஆறினதும் முதலில் தன் தூக்குவாளியில் தனக்கு எடுத்துக்கொள்வான். மோர் விட்டுத் தன் கையாலேயே கரைப்பான். அதை மூடித் தள்ளி வைத்த பிறகுதான் அவளுடைய குண்டானில் கல்லுப்பைப் போட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் உரித்துப் பக்கத்தில் வைப்பான். தன் தூக்கை அவளைத் தொட விடமாட்டான். காலையில் அதில் பாதி, மத்தியானம் அளத்தில் மீதி, ராத்திரிக்கும் பானையில் மிச்சமிருக்கிற அதே கூழ். அவள் வைக்கிற குழம்பைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு நாள் நெத்திலிக் கருவாட்டை நல்லெண்ணெய் விட்டு வறுத்து மணக்க மணக்கக் கொண்டுவந்து வைத்தாள். சோதனைதான், வேறென்ன?

"வேணாம் அம்சா."

"கருவாடுய்யா!"

"கருவாடுன்னு தெரியுது. வேணாம்."

மரக்காணத்தில் பிறந்தவன் கருவாட்டை வேண்டாம் என்கிறான். ஊறுகாய் வேண்டாம், அப்பளம் வேண்டாம். அவள் கையால் எது கொடுத்தாலும் வேண்டாம். வீட்டுச் சோறு கசந்தவனுக்கு வேறு எங்கேயோ இனிக்கிறது என்று அர்த்தம். இதைப் புரிந்துகொள்ள காலேஜுக்கா போக வேண்டும்?

பக்கத்து வீட்டுச் சின்னப்பாப்பாவிடம் அவள் சொன்னாள். சொல்லாமல் இருக்க முடியாது அவளால். அம்சவள்ளியின் வாயில் விஷயம் தங்கின சரித்திரமே இல்லை. அளத்தில் அவளிடம் ஒரு ரகசியத்தைச் சொன்னால் அது பஸ் ஸ்டாண்டுக்கு அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும். சின்னப்பாப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஆளு பேசுறது கொறைஞ்சிருக்குதா?"

"ஆமாங்க்கா."

"மூஞ்சி ஒரு மாதிரி சோர்ந்து, எதையோ நெனைச்சிக்கினே இருக்கிற மாதிரி?"

"அதேதாங்க்கா!"

"உன் கையால துன்ன மாட்டேங்கிறான். ஒரே பொருளையே கேட்டுக் கேட்டுத் துன்றான்." சின்னப்பாப்பா குரலைத் தாழ்த்தினாள். "மருந்துடி. எவளோ மருந்து வச்சிருக்கா."

இந்தப் பக்கத்தில் மருந்து என்றால் இரண்டு உண்டு. ஆஸ்பத்திரியில் கொடுக்கிறது ஒன்று. ஒரு ஆளைத் தன் பக்கம் இழுப்பதற்காகத் தின்கிற பண்டத்தில் கலந்து வைக்கிறது இன்னொன்று. அது வயிற்றில் போய் ஒட்டிக்கொண்டால் ஆள் பெண்டாட்டியை மறப்பான், பிள்ளையை மறப்பான், வைத்தவள் பின்னால் வாலாட்டிக்கொண்டு போவான் என்பார்கள். எடுக்காமல் விட்டால் உள்ளேயே இருந்து ஆளை அரித்துக் கொன்றுவிடும் என்றும் சொல்வார்கள்.

அவளுக்கு இருந்தது அந்த ஒரு மனுஷன்தான். ஒரே மகள் வினோதினி கல்யாணமாகிப் பெரிய முதலியார்சாவடிக்குப் போய்விட்டாள். திட்டுவதற்கும் அவன்தான், அழுவதற்கும் அவன்தான். அவனை விட்டுக்கொடுத்துவிட்டு அந்த ஓட்டு வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்திருக்க அவள் தயாராக இல்லை.

மறு செவ்வாய்க்கிழமை சகாதேவன் வேலைக்குப் போகவில்லை. வெளுத்த சட்டையை மாட்டிக்கொண்டு, "வினோதினிய பாத்துட்டு வர்றேன்" என்று பாண்டிச்சேரி பஸ் ஏறிப் போனான். சாயங்காலம் திரும்பி வந்தவனிடம் பேத்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். "நல்லாருக்குது" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து மகளுக்குப் போன் போட்டாள்.

"அப்பாவா? இங்க யாரும் வர்லியேம்மா. ஏன், இன்னா ஆச்சி?"

"ஒண்ணுமில்ல, வை."

அவ்வளவுதான். இனி சந்தேகப்பட என்ன இருக்கிறது? அவனிடமே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் என்ன சொல்வான்? ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அவள் எங்கே போவாள்? ஊர் முழுக்கக் கேட்கிற அந்த வாய்க்கு, வீட்டுக்குள் அவனைக் கேட்கத் தைரியம் வரவில்லை.

ஆளைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையாக இருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஈசிஆர் ஓரமாகத் தள்ளுவண்டியில் கூழ் விற்கிற சூர்யகலாதான் அது. புருஷனைப் பறிகொடுத்தவள், கண்ணுக்கு லட்சணமாக இருப்பாள். அளத்துக்குப் போகிற வழியில் சகாதேவனின் சைக்கிள் அந்த வண்டியருகே நிற்பதை அம்சவள்ளியே பார்த்தாள். அவன் ஒரு சொம்பை வாங்கி நின்றுகொண்டே குடித்தான். சூர்யகலா ஏதோ கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். அவள் துடுப்பை எடுத்து வெறும் காற்றில் சுழற்றிக் காட்டினாள், எப்படிக் கிண்ட வேண்டும் என்று. கட்டி தட்டாத கூழின் சங்கதி இப்போது விளங்கியது.

சைக்கிள் கண்ணிலிருந்து மறைந்ததும் அம்சவள்ளி வண்டி முன்னால் போய் நின்றாள்.

"ஏம்மா, ஊருல வேற ஆம்பளையே கெடைக்கலியா உனக்கு?"

சூர்யகலா திகைத்துப் போனாள். கூழ் குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் இரண்டு பேர் சொம்பை வாயில் வைத்தபடியே நின்றார்கள்.

"யாரச் சொல்றீங்க?"

"எங்க வூட்டுக்காரரத்தான் சொல்றேன், சகாதேவனை. உப்பு போட்டுத் துன்றவளா இருந்தா இன்னொருத்தி புருசனுக்குக் கூழு காச்சக் கத்துக் குடுப்பியா? இன்னா கலக்குற அவருக்கு? சொல்லு, இன்னா கலக்குற?"

சூர்யகலாவின் முகம் சிவந்தது. கரண்டியை வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெடுக்கென்று சொன்னாள். "தோ பாரும்மா. அந்தக் கூழுதான் உன் புருசனுக்கு மருந்து. அதுக்கு மேல என்னை ஒண்ணும் கேக்காத. சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். வேணும்னா அவரையே போய்க் கேளு."

மருந்து என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள்! அதுவும் நடுரோட்டில், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல். சத்தியம் வேறு செய்து கொடுத்திருக்கிறார்களாம் இரண்டு பேரும். அம்சவள்ளி கத்துவாள், வண்டியைக் கவிழ்ப்பாள் என்று எதிர்பார்த்த டிரைவர்களுக்கு ஏமாற்றம்தான். அவள் திரும்பி நடந்தாள்.

சின்னப்பாப்பாதான் அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். கழுவெளி ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு குப்பத்தில் மருந்து எடுக்கிற அம்மா ஒருத்தி இருந்தாள். ஆளைக் கூட்டி வந்தால் வயிற்றில் குழல் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுவாளாம். ஆள் வர மாட்டான் என்றதும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு அந்த அம்மா கேட்டாள்.

"உன் புருசன் இன்னா வேலை பாக்குறான்?"

"உப்பளத்துல வாருறாருங்க."

"அப்ப அவன் கையால வாரின உப்பு ஒரு படி கொண்டா. அந்த உப்பாலதான் முறிக்கணும்."

அளத்தில் உப்புக்கா பஞ்சம்? சகாதேவன் வாரிப் போட்ட குவியலிலிருந்தே மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். அந்த அம்மா அதை மடியில் வைத்து முணுமுணுத்து, மூன்று தடவை ஊதித் திருப்பிக் கொடுத்தாள்.

"அவன் துன்றதுல கலந்து குடு. கொஞ்சமா ஆரம்பிச்சி நாளுக்கு நாள் கூட்டிக்கினே போ. முறியிற வரைக்கும் நிறுத்தாத. ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. அவன் பாத்திரத்துல நீ வாய் வச்சிடாத. வச்சே, அந்த மருந்து உன்னைப் புடிச்சிக்கும்."

உப்பைப் பூப்போல அரைத்து ஒரு டப்பாவில் போட்டுத் துணி அலமாரிக்குள் வைத்தாள் அம்சவள்ளி. சகாதேவன் கூழைக் கரைத்து வைத்துவிட்டுச் சைக்கிளுக்குக் காற்றடிக்க வாசலுக்குப் போவான். அந்த நேரம் போதும். தூக்கைத் திறந்து, ஒரு சிட்டிகை போட்டு, கரண்டியால் கலக்கி மூடிவிடுவாள். ராத்திரிக் கூழுக்கும் அப்படியே. கரண்டியை உடனே கழுவிவிடுவாள். விரலில் ஒட்டினதைக்கூட நக்காமல் புடவையில் துடைத்துக்கொள்வாள். அவன் காய்ச்சின கூழைத் தானும் தொடுவதை நிறுத்திவிட்டாள். பல்வலி என்று சாக்கு சொல்லிவிட்டுக் கடை இட்லியை வாங்கித் தின்றாள்.

சிட்டிகை அரைக் கரண்டி ஆயிற்று. அரைக் கரண்டி ஒரு கரண்டி ஆயிற்று.

பலன் தெரிய ஆரம்பித்தது! ஒரு நாள் காலை, முதல் வாய் குடித்ததும் சகாதேவன் அப்படியே நின்றான். கூழை வாயிலேயே வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். மெல்ல விழுங்கினான். மறுபடியும் ஒரு வாய். அப்புறம் அவன் முகம் மலர்ந்தது பாருங்கள், தை மாசத்திலிருந்து அவள் பார்க்காத சிரிப்பு அது.

"இன்னாய்யா, தானா சிரிக்கிற?"

"ஒண்ணுமில்ல. கூழு இன்னிக்கி நல்லா வந்திருக்குது."

அவளுக்கு மனசுக்குள் தவில் அடித்தது. முறிகிறது! மருந்து முறிகிறது! அன்று அளத்துக்குப் போகும்போது அவன் அவளைக் கேலிகூடச் செய்தான். பல்வலிக்காரி வாய் மட்டும் ஏன் மூடவே மாட்டேன் என்கிறது என்று கேட்டான். அவள் பதிலுக்குத் திட்டினாள். திட்டிக்கொண்டே அழுகையை அடக்கிக்கொண்டாள். என் புருஷன் எனக்குத் திரும்பி வருகிறான், மாரியாத்தா, ஆடியில் உனக்கு அண்டா நிறையக் கூழ் ஊற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள்.

அவன் அதன் பிறகு இன்னும் அக்கறையாகக் காய்ச்சினான். மாவைக் கரைக்கிறதிலிருந்து இறக்குகிறது வரைக்கும் சாமி காரியம் மாதிரி ஒரே கவனம். கிண்டுவதற்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுத்துக்கொண்டான். குடிக்கும்போது ஒவ்வொரு வாய்க்கும் நிறுத்தி, ருசியை யோசித்து, தலையை ஆட்டிக்கொண்டான். அம்சவள்ளியும் தன் பங்குக்குக் கரண்டியைத் தலைதட்டாமல் குவித்துப் போட்டாள்.

பங்குனி வெயில் ஏறியது. சகாதேவனின் ஒட்டிப்போயிருந்த கன்னம் உப்பி வந்தது. கண்ணுக்குக் கீழே கொஞ்சம் தடித்திருந்தது. செருப்பு வார் காலை இறுக்குகிறது என்று ஒரு ஓட்டை தள்ளிப் போட்டான்.

"சதை போடுறாருக்கா," என்றாள் சின்னப்பாப்பாவிடம்.

"நான் சொல்லல? மருந்து முறிஞ்சா உடம்பு தேறும்டி."

ஆனால் படுத்தால் அவனுக்கு மூச்சு வாங்கியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டே கண்ணயர்ந்தான். வெயில், வேறொன்றுமில்லை என்றான். அவளும் நம்பினாள். நம்பத்தான் அவளுக்குப் பிடித்திருந்தது.

ஒரு நாள் வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள், வாருபலகையை இழுத்துக்கொண்டிருந்தவன் பாத்தியிலேயே முட்டிபோட்டு உட்கார்ந்தான். கூடையோடு வரப்பில் வந்துகொண்டிருந்த அம்சவள்ளி, காலைக் கழுவுகிறான் என்று நினைத்தாள். மறுபடி பார்த்தபோது உப்புத் தண்ணீரில் குப்புற விழுந்து கிடந்தான். கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். அவனைப் புரட்டி மடியில் போட்டபோது வாயைத் திறந்து திறந்து காற்றைத் தேடினான். காலை அழுத்திப் பிடித்த இடத்தில் அவள் விரல் பதிந்த குழி அப்படியே இருந்தது. யாரோ நூற்றெட்டுக்குப் போன் போட்டார்கள்.

பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மூக்கில் காற்றுக் குழாய் மாட்டி, ஒரு வழியாக அவனுக்கு மூச்சு சீரானபோது சாயங்காலம் ஆகிவிட்டது. அம்சவள்ளி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் புடவையில் அளத்துத் தண்ணீர் காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. டாக்டரம்மா வந்தாள். வினோதினி வயசுதான் இருக்கும். வந்த வேகத்திலேயே சகாதேவனைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சார் இது? பொங்கல் சமயத்துல முதல்ல வந்தப்பவும், அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை ஓபிக்கு வந்தப்பவும் நான் அவ்வளவு சொல்லி அனுப்பினேனே. கிட்னி பாதிதான் வேலை செய்யுது, உப்பு தொடவே கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

உப்பு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அம்சவள்ளி நிமிர்ந்தாள்.

"தொடலம்மா," என்றான் சகாதேவன். குரல் எழும்பவில்லை. "சத்தியமா தொடல. என் கையாலதான் கூழு காச்சிக் குடிக்கிறேன். கருவாடு விட்டுட்டேன். ஊறுகா விட்டுட்டேன்."

"அப்போ உடம்பு முழுக்க இவ்வளவு நீர் எப்படிக் கட்டும்? பிரஷர் எப்படி இவ்வளவு ஏறும்? உங்களை மாதிரி எத்தனை பேரைப் பார்க்கிறேன். வாய்க்கு ருசியா சாப்பிட்டுட்டு இங்க வந்து சத்தியம் பண்றது. இன்னும் ரெண்டு நாள் தள்ளியிருந்தா ஆளே இருந்திருக்க மாட்டீங்க, தெரியுதா? பொய் சொல்ற பேஷண்ட்டை வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?"

அவள் கேஸ் பேப்பரில் எதையோ எழுதிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

சகாதேவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. மேஸ்திரி திட்டியிருக்கிறான், அம்சவள்ளி திட்டாத திட்டு கிடையாது, ஒன்றுக்கும் அழாதவன். பொய்க்காரன் என்று இதுவரை அவனை யாரும் சொன்னதில்லை.

"உன்கிட்ட மறைச்சிட்டேன் அம்சா," என்றான் மெல்ல. "மகளப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டு இங்கதான் வந்தேன். நம்மகூட வேலை பாத்த பிரபாகரன் அளத்துல மயங்கி விழுந்தான்னு மேஸ்திரி அவனை வரவேணாம்னு அனுப்பிட்டான் பாரு. எனக்கும் சீக்குன்னு தெரிஞ்சா அனுப்பிடுவான். உன்கிட்ட சொன்னா..." அவன் முடிக்கவில்லை. அவள் வாய் எப்படிப்பட்ட வாய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். "அந்தக் கூழு வண்டிக்காரம்மா புருசன் இதே சீக்குலதான் போனாரு. உப்பில்லாம எப்பிடி காச்சுறதுன்னு அதுதான் கத்துக் குடுத்துச்சி. யார்கிட்டயும் சொல்லாதம்மான்னு சத்தியம் வாங்கிக்கினேன்."

நடுரோட்டில் கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பொம்பிளை சொன்னது ஆஸ்பத்திரி மருந்தை. அம்சவள்ளியின் காதில் விழுந்தது வேறு மருந்து.

"டாக்டரம்மா நம்பல. பரவால்ல," என்றான் அவன். "நீ நம்பு. நான் ஒரு கல்லுகூடப் போடல. உப்பளத்துல பொறந்தவனுக்கு உப்பில்லாத கூழு தொண்டையில எறங்குமா? மொதல்ல வாந்தி வர்ற மாதிரி இருக்கும். கண்ண மூடிக்கினு குடிப்பேன். பொறுமையா கிண்டு, பொறுமையா குடி, நாக்கு தானா பழகும், கேவுருக்கே ஒரு ருசி இருக்குது, அது ஒரு நாள் தெரியும்னு அந்தம்மா சொல்லிச்சி. நான் நம்பல. ஆனா ஒரு நாள் வந்துச்சி அம்சா! உப்பே போடாம உப்பு ருசி! நாளுக்கு நாள் கூடிக்கினே வந்துச்சி. இத்தனை நாள்ல நமக்கும் ஒரு வேலை நல்லா செய்ய வந்துடுச்சின்னு எனக்கு அவ்ளோ சந்தோசம்."

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீங்கின முகம். அந்த முகத்தில், இந்த நிலையிலும், ஒரு பெருமை.

சொல்ல வேண்டாம் என்றது மனசு. யாருக்குத் தெரியும்? டப்பாவை வீட்டுக்குப் போனதும் கழுவிக் கவிழ்த்துவிட்டால் போயிற்று. டாக்டரம்மா இவனைத் திட்டுவாள், இவனும் கேட்டுக்கொள்வான். ஊரார் விஷயமெல்லாம் ஒரு நிமிஷம் தங்காத வாயில் இது ஒன்று மட்டும் தங்கிவிட்டுப் போகட்டுமே. ஆனால் பொய்க்காரன் என்ற பேரோடு அவன் படுத்திருக்கிறான். இனி எந்தக் கூழைக் குடித்தாலும் அந்த ருசியைத் தேடிக்கொண்டே இருப்பான்.

எழுந்து நின்றாள். அடுத்த கட்டிலில் இருந்த டாக்டரம்மாவுக்கும் கேட்கிற மாதிரி, அந்த வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அவரு பொய் சொல்லலம்மா. நான்தான் போட்டேன். தினமும் அவருக்குத் தெரியாம நான்தான் உப்பு போட்டேன்."

டாக்டரம்மா திரும்பிப் பார்த்தாள். நர்ஸ் பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அம்சவள்ளி எல்லாவற்றையும் சொன்னாள். சின்னப்பாப்பா, சூர்யகலா, மந்திரித்த உப்பு, ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

சகாதேவன் மூக்கிலிருந்த காற்றுக் குழாயைச் சரிசெய்துகொண்டான். அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தாள். எழுந்து ஒரு அறை விட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

"கேட்டிருக்கலாமே, அம்சா," என்றான் கடைசியில்.

"சொல்லியிருக்கலாமேய்யா," என்றாள் அவள். முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

வெளியே ஒரு வண்டி சைரனோடு வந்து நின்றது. யாரையோ இறக்கினார்கள். சகாதேவன் மறுபடியும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ அந்த ருசி?"

அவள் முந்தானையை எடுத்துவிட்டுச் சொன்னாள். "நீ வாரின உப்புதான்யா."

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"நல்லாத்தான் இருந்துச்சி," என்றான்.